நுழையும், திரும்பாது

1

டொக்.

துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் ஏதோ தட்டியது. தண்ணீர் சுழன்றது, நுரை ஏறி இறங்கியது, மறுபடி டொக். முந்தின நாள்தான் ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்தேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஒரு பக்கம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய ஜவ்வரிசி, இன்னொரு பக்கம் அம்மா வறுத்து அரைத்துக் கொடுத்த பருப்புப் பொடி. நியூசிலாந்தின் ஹாமில்டனில், மாடுகள் மேயும் பச்சைக்கு நடுவே இருக்கிற என் வீட்டுக்குள், அப்பா காரின் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு அது பழக்கம். கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும். அம்மா இன்னும் கொசுவத்தில் ஊக்குக் குத்திக்கொண்டிருப்பாள். அப்பா குரலை உயர்த்த மாட்டார். வாசலில் நின்று சாவியால் வண்டியை இரண்டு தட்டுத் தட்டுவார். நான் சிறியவளாக இருந்தபோது ஜீப்பின் தகரத்தில், பிறகு காரின் கூரையில். ரிக் வண்டியில் படிந்த பழக்கம் அது. ஆழ்துளைக் கிணறு போடும்போது பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் காதில் விழாது. இரும்பை இரும்பால் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் வா.

என்னை ஊரைவிட்டுப் போனவள் என்கிறார்கள். போகட்டும். திருச்செங்கோட்டுப் பக்கம் எந்த வீட்டில்தான் ஊரைவிட்டுப் போகாத ஆள் இருக்கிறார்? அப்பா ஆந்திரா, ஒரிசா, மத்தியப் பிரதேசம் என்று பூமியைத் துளைத்துக்கொண்டே போனவர். வீட்டுக்கு வந்தால் செம்மண் ஒரு முறை, கருமண் ஒரு முறை என்று அவர் செருப்பில் வேறு வேறு நாடுகள் ஒட்டியிருக்கும். போவது எங்களுக்குத் தொழில். அதற்காக நாங்கள் அழுவதில்லை. அழுதால் அம்மா, "கண்ணத் தொடச்சுட்டு மொதல்ல சோத்தத் தின்னு" என்பாள்.

துவைத்து முடிந்ததும் கதவைத் திறந்தேன். விமானத்தில் போட்டு வந்த குளிர்ச்சட்டையின் பையில், மஞ்சள் கயிறு கட்டிய கார் சாவி. எங்கள் காரின் அசல் சாவி. சோப்பு மணத்துடன், ரொம்பச் சுத்தமாக.

2

நடந்தது இதுதான். கிளம்புகிற அன்று காலையில் நானே காரை ஓட்டிக்கொண்டு சேலம் போனேன். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வங்கி வேலை, செவ்வாய்ப்பேட்டையில் சாமான். நியூசிலாந்திலும் இடப்பக்க ரோடு, வலப்பக்க ஸ்டீரிங்தான். இரண்டு ஊரிலும் என் கைகள் தடுமாறுவதில்லை. திரும்பி வரும்போது கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குப் போகிற டாக்ஸி எங்கள் தடத்து முனையில் வந்து நின்றிருந்தது. காரைத் தடத்துக்குள் மூக்கை நுழைத்தபடி அங்கேயே நிறுத்தினேன். முன்சக்கரம் ஓரத்துக் கல்லில் முட்டி, ஒரு பக்கமாகத் திரும்பி ஒடிந்து நின்றது. ஒரு கார் ஒதுங்கிப் போக இடம் இருந்தது, போதும் என்று விட்டுவிட்டேன். பெட்டிகளை மாற்றிய அவசரத்தில் சாவி என் பைக்குள் விழுந்திருக்கிறது. காரைப் பூட்டவில்லை. எங்கள் காட்டில் யாரும் காரைப் பூட்டுவதில்லை.

ஆக்லாந்து விமான நிலையத்தில், பிறருடைய பொருள் ஏதாவது கொண்டுவருகிறீர்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

இயந்திரத்துக்குள் சாவியைப் பார்த்தபோது பயப்படவும் இல்லை. பீரோவில் மாற்றுச் சாவி ஒன்று எப்போதும் உண்டு. என்ன குடி முழுகிவிடப் போகிறது. அசலைத் தபாலில் அனுப்பிவிடலாம் என்று அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு அஞ்சல் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பொருள் என்ன? சாவி. எதன் சாவி? காரின் சாவி. கார் எங்கே இருக்கிறது? இந்தியாவில். சாவி ஏன் இங்கே இருக்கிறது? அதற்கு அவள் கணினியில் இடம் இல்லாததால் அடுத்த கேள்விக்குப் போனாள். தெருவின் பெயர்?

எங்கள் வீட்டுக்குத் தெரு கிடையாது. மல்லசமுத்திரம் போகிற தார் ரோட்டிலிருந்து பிரிகிற வண்டித்தடம் ஒன்று இருக்கிறது. முதலில் எங்கள் வீடு. கடைசியில் சித்தப்பா வீடு. அவ்வளவுதான். தபால்காரருக்கு அப்பாவின் பெயர் போதும்.

"பெயர் இல்லாமல் இது நகராது" என்றாள். பிறகு இரக்கப்பட்டு, "உங்கள் அப்பாவின் பெயரையே தெருவுக்கும் போட்டுவிடலாமே" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு எப்படிப் புரியவைப்பேன்? எங்கள் வீட்டுத் தகராறே அந்தத் தடம் யார் பெயரில் என்பதுதான்.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே ரிக்கில் உழைத்தவர்கள். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு வெள்ளைக் கார் வாங்கியவர்கள். அண்ணன் கார் முன்னால் வர, தம்பி கார் பின்னால் வர, இரண்டும் ஒன்றாக ஊருக்குள் நுழைந்ததை இன்னும் பேசுவார்கள். பிறகு பிரிந்தார்கள். ரிக் சித்தப்பாவுக்கு, தோட்டம் அப்பாவுக்கு. தடம் மட்டும் யாருக்கு என்று எழுதாமல் விட்டுவிட்டார்கள். சித்தப்பாவின் ரிக் லாரி ஒருமுறை எங்கள் வேலியைச் சாய்த்தது. அப்பா தடத்து முனையில் கல் நட்டார். சித்தப்பா வக்கீலைப் பார்த்தார். அப்பாவும் ஒரு வக்கீலைப் பார்த்தார். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. வக்கீல்கள் இருவரும் நல்ல நண்பர்கள் என்று கேள்வி.

பெட்டியை அனுப்பாமலே வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

3

மேசையில் என் மகள் இனியா மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். வெல்லிங்டனில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். இந்த முறை ஊருக்கு வா என்று கூப்பிட்டபோது, "அங்கே எனக்கு என்ன வேலை இருக்கிறது?" என்று கேட்டாள். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் சொல்ல முயன்று, கோயில், சொந்தக்காரர்கள், சாப்பாடு என்று அடுக்கினேன். அடுக்கும்போதே அவை ஒரு சுற்றுலாத் தாள்போல ஒலித்தன. போன முறையும் அவள் வரவில்லை. தமிழ் எல்லாம் புரியும். பேச ஆரம்பித்தால் பாதியில் ஆங்கிலத்தில் இறங்கிவிடுவாள், பஸ் ஊருக்குள் போகாமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டது மாதிரி.

போன் அடித்தது. அம்மாவின் வீடியோ அழைப்பு. இங்கே பிற்பகல், அங்கே காலை. ஆயுத பூசை நாள். விடுப்பு முடிந்துவிட்டதால் பூசைக்கு நிற்காமல் வந்துவிட்டேன் என்று அம்மாவுக்கு மனக்குறை. அதற்குத்தான் பேசுகிறாளாக்கும் என்று எடுத்தேன்.

"சாவிய எங்க சாமி வெச்ச?"

"எங்கிட்டத்தாம்மா இருக்குது. கோட்டுப் பைக்குள்ளயே வந்துருச்சு."

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "நல்லாப் போச்சு" என்றாள். "எதையெதையோ மறந்துட்டுப் போயிட்டன்னு ஒரு பை கட்டி வெச்சிருக்கறேன். எடுத்துட்டுப் போகக் கூடாதத எடுத்துட்டுப் போயிட்ட."

"பீரோவுல இன்னொண்ணு இருக்குமே?"

"அதையத்தான் போட்டுப் பாக்கறோம். உள்ள போவுது, திரும்ப மாட்டேங்குது."

அம்மா காரின் ஓட்டுநர் இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தாள். போனை முன்னால் சாய்த்து வைத்தாள். அவள் முகத்துக்குப் பின்னால், காரின் பின்கண்ணாடி வழியே, தார் ரோட்டில் ஒரு மலை நின்றது. சித்தப்பாவின் ரிக் லாரி. சத்தீஸ்கரிலிருந்து பூசைக்காக ஊர் திரும்பியிருந்தது. எங்கே இருந்தாலும் ஆயுத பூசைக்கு வண்டி வாசலுக்கு வந்துவிட வேண்டும். வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தாக வேண்டும். வண்டி வந்துவிட்டது. வாசலுக்குப் போக முடியவில்லை. தடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது நான் விட்டுவந்த கார்.

"தள்ளி வெச்சிருக்கலாமேம்மா?"

"ஸ்டீரிங்கு பூட்டிக்கிச்சு. டயரு கல்லுல ஒடிஞ்சு நிக்குது. நாலு பேரு தள்ளியும் அசையல. மெக்கானிக்குக்குப் போன் போட்டா, ஸ்பேனர் சுத்தி எல்லாம் சாமி முன்னால வெச்சாச்சுங்க, இன்னைக்குத் தொடக் கூடாதுங்கறான். சாவி போடறவனும் அதேதான் சொல்றான்."

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "உங்க சித்தப்பா சங்கிலி எடுக்கச் சொல்லீட்டாரு. நாமதான் வேணும்னே குறுக்க நிறுத்தியிருக்கறோம்னு நெனைக்கறாரு. பூசைக்கு நல்ல நேரம் முடியறதுக்குள்ள காரக் கட்டி இழுத்துப் போட்டுட்டு லாரிய உள்ள ஏத்தப் போறாராம். அவுரு மட்டும் இழுத்துட்டாருன்னா உங்கப்பா நாளைக்கே கோர்ட்டுல நிப்பாரு. பொறவு ஒரு சாவுக்குக்கூட ரெண்டு ஊடும் போக வர முடியாது சாமி."

பின்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சித்தப்பா யாரிடமோ உரக்கச் சொன்னார். எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார்.

"சங்கிலியக் கொண்டாடா. அவங்க சாவியத் திருப்பறதுக்குள்ள நாம அடுத்த வருசப் பூசையே பண்ணிப்போடலாம்."

அம்மா தலையை வெளியே நீட்டினாள். "தம்பி, கொஞ்சம் பொறுங்க."

"நான் ஆருகிட்டயும் பேசலைங்க. என்ற வண்டிகிட்டப் பேசீட்டு இருக்கறேன்."

4

இனியா மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். யாரும் கேட்காமலே தேடியிருந்தாள். சாவி நுழைகிறது, திரும்பவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று உலகம் முழுக்க ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் ஆங்கிலத்தில் படித்தாள். நான் அதைக் கொங்குத் தமிழில் அம்மாவிடம் சேர்த்தேன்.

"முழுசா உள்ள போவுதாம்மா?"

"முழுசாத்தான் போவுது. போயி நட்டுக்கிட்டு நிக்குது, உங்கப்பனாட்டம்."

"கேக்குது, கேக்குது" என்று எங்கிருந்தோ அப்பாவின் குரல் வந்தது. அவர் தடத்து முனைக்கு வரவில்லை. தம்பி கண்ணில் படாத தூரத்தில், கோழிக் கொட்டாய் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"அழுத்தித் திருப்பாதீங்க, உள்ளயே ஒடிஞ்சுரும்."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? உங்கப்பாதான் கொறடு வெச்சுத் திருப்பலாம்னாரு. கொறடும் சாமிகிட்ட இருக்குது, தப்பிச்சோம்."

அடுத்து பேட்டரி. லாரி ஆட்களில் ஒருவர் பேட்டரி இறங்கியிருக்கும் என்றாராம். இனியா தலையை ஆட்டினாள். பேட்டரி இறங்கினால் சாவி திரும்பும், வண்டிதான் கிளம்பாது. சாவியே திரும்பவில்லை என்றால் கோளாறு பூட்டில், அல்லது சாவியில், அல்லது ஸ்டீரிங்கில்.

"ஸ்டீரிங்க அக்கட்டயும் இக்கட்டயும் ஆட்டிக்கிட்டே திருப்புங்கம்மா. டயரு முட்டிக்கிட்டு இருந்தா பூட்டு இறுகிக்குமாம்."

அம்மா இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்து உலுக்கினாள். வளையல் குலுங்கியது. சாவி குலுங்கவில்லை.

"சாவியக் காட்டுங்க."

உருவிக் காட்டினாள். சாவியா, சந்தனக்கட்டையா என்று தெரியவில்லை. வருடா வருடம் பூசையில் வைத்துப் பொட்டு வைத்ததில், பள்ளமெல்லாம் சந்தனம் காய்ந்து கெட்டியாகிக் கிடந்தது. எனக்கு நிம்மதியாகிவிட்டது. கண்டுபிடித்துவிட்டோம். இதைவிட எளிதான காரணம் என்ன வேண்டும்?

"புளி போட்டு வெளக்கீட்டு வாரேன்" என்று அம்மா இறங்கிப் போனாள். குத்துவிளக்குக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை சாவிக்கும். திரும்பி வந்தபோது அது பளபளத்தது. நுழைத்தாள். திரும்பவில்லை.

"தேங்காண்ணெய் ரெண்டு சொட்டு உடச் சொல்லு" என்றார் அப்பா, கொட்டாய் ஓரத்திலிருந்து.

இனியா பதறினாள். எண்ணெய் விட்டால் உள்ளே தூசி பிசினாகிவிடும். பென்சில் கரிதான் தடவ வேண்டும் என்று போட்டிருக்கிறது. நான் சொன்னேன். அம்மா போனுக்குள் என்னை நேராகப் பார்த்தாள்.

"பென்சிலுக்கு நான் எங்க போறது? பென்சில் புடிக்கற கையெல்லாம் பிளேன் ஏத்தி உட்டாச்சு. இந்த ஊட்டுல இப்ப மாத்திரைச் சீட்டுதான் இருக்குது."

இனியாவுக்கு இது புரிந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். புரிந்துவிட்டது. அவள் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அப்பா மரச்சட்டத்தில் கோடு போட வைத்திருந்த தட்டைப் பென்சில் கிடைத்தது. அம்மா சாவியின் பல்லெல்லாம் கரி பூசினாள். கையெல்லாம் கறுப்பு, நெற்றியில் ஒரு தீற்று. நுழைத்தாள். எண்ணெயில் இறங்குகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. திரும்பவில்லை.

பின்கண்ணாடியில் சங்கிலி தெரிந்தது. இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து காரின் பின்பக்கம் குனிந்தார்கள். அந்தச் சங்கிலிச் சத்தம் கடல் தாண்டி என் மேசையில் விழுந்தது. அசல் சாவி இருந்த அட்டைப்பெட்டியை நான் ஏனோ கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். உலகத்தில் அந்தக் காரைத் திருப்பக்கூடிய ஒரே இரும்பு என் உள்ளங்கையில் இருந்தது. நல்ல பயன்.

5

அம்மா அப்போது ஒரு காரியம் செய்தாள். இறங்கி, கதவைச் சாத்தி, சாவியைக் கதவின் பூட்டில் விட்டுத் திருப்பிப் பார்த்தாள். அதிலும் நுழைந்தது. அதிலும் திரும்பவில்லை.

"அம்மா, கதவு தொறந்துதான இருக்குது?"

"இரு." மறுபக்கக் கதவிலும் விட்டுப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். கரித் தீற்றுக்குக் கீழே அவள் கண்கள் எங்கோ போய்விட்டு வந்தன.

"ஒரு பூட்டு கெட்டுப் போவும். மூணு பூட்டும் ஒண்ணாக் கெட்டுப் போவுமா? பூட்டுல ஒண்ணுமில்ல சாமி. இது நம்ம காரு சாவியே இல்ல."

"நம்ம பீரோவுலதான இருந்துது?"

"நம்ம பீரோவுலதான் இருந்துது. கார் வாங்குன வருசம் பூசைய ஒண்ணாத்தான பண்ணுனோம். ரெண்டு காருக்கும் மாத்துச் சாவிய வளையத்துல இருந்து கழட்டி, மஞ்சத் தண்ணியில கழுவி, ஒரே தட்டத்துல வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சது நானும் உங்க சித்தியுந்தான். பூசை முடிஞ்சு ஆளுக்கொண்ணு எடுத்துக் கோத்துக்கிட்டோம். ஒரே காரு, ஒரே மாதிரிச் சாவி. எது எதுன்னு ஆரு பாத்தா? அப்பெல்லாம் அதப் பாக்கோணும்னே தோணாதே."

அப்புறம் இரண்டு வீட்டிலும் இரண்டு சாவியும் பீரோவுக்குள் போய்விட்டன. வருடத்துக்கு ஒருமுறை வெளியே வந்தன, சந்தனம் பூசிக்கொண்டன, திரும்பிப் போயின. ஒருமுறைகூட எந்தப் பூட்டிலும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. வக்கீல் வீடு வரை போனபோதும், கல் நட்டபோதும், கல்யாணப் பத்திரிகைகளில் ஒருவர் பெயரை ஒருவர் விட்டபோதும், அவர்கள் காரின் சாவியை நாங்கள் நகையோடு நகையாக வைத்துப் பூட்டிக் காப்பாற்றி வந்திருக்கிறோம். அவர்கள் எங்களுடையதை.

எனக்கு விளக்கிக்கொண்டிருக்க அம்மாவுக்கு நேரம் இல்லை. போனை அணைக்காமல் கையில் பிடித்தபடியே நடந்தாள். எனக்கும் இனியாவுக்கும் தடத்து மண், ஒரு செருப்பு, சங்கிலி, லாரியின் டயர், வானம் என்று மாறி மாறித் தெரிந்தது. பிறகு சித்தப்பாவின் வேட்டி.

"ஏனுங்க தம்பி, உங்கூட்டு பீரோவுல காருக்கு இன்னொரு சாவி இருக்குதுங்களா?"

"இருந்தா?"

"அது எங்களுதுங்க. இதுதான் உங்களுது."

வேட்டி ஓர் அடி முன்னால் வந்தது. சாவியை வாங்கியிருக்க வேண்டும்.

"என்ன நங்கை சொல்றீங்க?" எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் அம்மாவை அப்படிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிறது.

"மொதப் பூசையில தட்டத்துல மாறிப் போயிருக்குதுங்க. நம்பலைன்னா உங்க காருல போட்டுப் பாருங்க. இல்லீன்னா உங்கூட்டுச் சாவியக் கொண்டாரச் சொல்லுங்க, இதுல போட்டுப் பாக்கலாம். அப்பவும் திரும்பலைன்னா இழுத்துக்குங்க. நானே ஒரு கை புடிக்கறேன்."

லாரி ஆட்களில் யாரோ சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போன் செய்தார். தடத்தின் அந்தக் கோடியிலிருந்து சித்தி பூசைத் தட்டத்தோடு அப்படியே வந்தாள், தேங்காய் வாழைப்பழத்தைக்கூட இறக்கி வைக்காமல். தட்டத்தின் நடுவில் ஒரு கார் சாவி. அன்று காலையில் வைத்த சந்தனம் இன்னும் காயவில்லை.

"இதையா கேட்டீங்க? நானும் ஒவ்வொரு வருசமும் இதுக்குத்தான் மொதப் பொட்டு வெப்பேன்" என்றாள் சித்தி. அம்மாவைப் பார்த்து, "நெத்தியில என்னக்கா கரி?" என்றாள்.

"அது பெரிய கதை."

சித்தப்பா தட்டத்துச் சாவியைத் தொடவில்லை. "காருக்குச் சொந்தக்காரரு வந்து எடுத்துக்கட்டும்" என்றார் லாரியைப் பார்த்து.

6

அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. எப்படியும் அப்பாதான் வர வேண்டும். அம்மா போனைச் சித்தியின் கையில் கொடுத்துவிட்டுக் கோழிக் கொட்டாய்ப் பக்கம் போனாள். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. கேட்டால் அம்மா, "சட்டையப் போடுங்கன்னேன், போட்டாரு" என்பாள்.

அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, முழங்கால் வலியால் ஒரு பக்கம் சாய்ந்த நடை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. தட்டத்திலிருந்து சாவியை எடுத்தார், துண்டில் சந்தனத்தைத் துடைத்தார், காருக்குள் உட்கார்ந்தார். சித்தி போனைத் தூக்கிப் பிடித்தாள். இனியா எழுந்து என் தோள்மேல் சாய்ந்து பார்த்தாள்.

சாவி நுழைந்தது. திரும்பவில்லை.

என் உள்ளங்கையில் இருந்த பெட்டி நசுங்கிவிட்டது. அம்மா சொன்னது தப்பா? அப்படியானால் இனி சங்கிலிதான்.

"ஸ்டீரிங்" என்றாள் இனியா. "ஸ்டீரிங் இன்னும் இறுகித்தான் இருக்கு." தமிழில் சொன்னாள். ஆனால் மெதுவாகச் சொன்னாள், அங்கே கேட்டிருக்காது.

கேட்கத் தேவையும் இருக்கவில்லை. சித்தப்பா காரின் பக்கத்துக்கு வந்தார். இறக்கியிருந்த கண்ணாடி வழியாக இரண்டு கையையும் உள்ளே விட்டு ஸ்டீரிங்கைப் பிடித்தார்.

"ஒடிச்சுப் புடிச்சுத்தான் திருப்போணும்ணா. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

அப்பா முன்னால் பார்த்தபடியே கேட்டார். "எக்கட்ட ஒடிக்கற?"

"இக்கட்ட. அக்கட்ட கல்லு முட்டுது. ஆரு நட்டதுன்னு நான் கேக்கல."

"கேக்காத."

"கேக்கலீங்களே. ம், இப்பத் திருப்புங்க."

ஒரு ஸ்டீரிங்கில் நான்கு கை. சித்தப்பா மூச்சைப் பிடித்து இழுத்தார். அப்பா திருப்பினார். சளக் என்று உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது. வண்டி இருமியது, நின்றது, மறுபடி இருமிக் கிளம்பியது. லாரி ஆட்கள் கையைத் தட்டினார்கள். இனியா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அவள் நகம் பதிந்த இடம் ராத்திரி வரை வலித்தது.

அப்பா காரை எங்கள் வாசலுக்கு ஓட்டிப் போய் நிறுத்திவிட்டுத் திரும்பவும் நடந்து வந்தார். வர வேண்டிய அவசியம் இல்லை. தடத்து முனையில் நின்று லாரியை ஏறிட்டுப் பார்த்தார். ஓட்டுநர் தலையை நீட்டி, "கல்லு இடிக்குமுங்க" என்றார்.

"கல்லப் பாக்காத, வண்டியப் பாரு. சாஞ்சா சாயட்டும், உள்ள ஏத்து" என்றார் அப்பா. கையிலிருந்த சாவியால் லாரியின் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.

டொக், டொக்.

சத்தீஸ்கர் மண் ஒட்டிய அந்தப் பெரிய வண்டி மெல்ல அசைந்து தடத்துக்குள் நுழைந்தது. கல் சாய்ந்ததா என்று நான் கேட்கவில்லை. சித்தியின் கையில் போன் ஆடியதில் தெரியவும் இல்லை.

லாரி போனபின் அம்மா சித்தப்பாவிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "உங்க சாவி உங்க கையிலயே இருக்குது பாருங்க, பீரோவுல வெச்சுருங்க."

"இந்தாங்க, அது உங்கூட்டுலயே இருக்கட்டும் நங்கை. எங்களுது தொலைஞ்சா வந்து வாங்கிக்கறேன்" என்றார் சித்தப்பா. அதற்குள் பூசணிக்காய் எங்கே என்று யாரையோ திட்டிக்கொண்டே லாரிக்குப் பின்னால் போய்விட்டார்.

7

அம்மா போனை வாங்கிக்கொண்டாள். பின்னால் சூடம் மணக்கிறது என்றாள், எனக்கும் மணக்கும் என்பதுபோல. முகத்தில் இன்னும் கரி இருந்தது. துடைக்கச் சொல்லவில்லை, அழகாக இருந்தது.

மேசைமேல் நசுங்கிய அட்டைப்பெட்டி. நாளைக்கு எனக்கு ஆய்வுக்கூடத்தில் பால் சோதிக்கும் வேலை. வழியில் அஞ்சல் கடையில் கொடுத்துவிடலாம், தெருவுக்கு ஏதாவது ஒரு பெயரை வைத்துவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இனியா என் கையிலிருந்து போனை எடுத்தாள். ஒவ்வொரு சொல்லாக, தவறாமல், தமிழிலேயே தன் பாட்டியிடம் கேட்டாள்.

"அம்மிச்சி, சாவியைத் தபால்ல அனுப்பட்டுமா?"

அம்மா சிரித்தாள். எங்களுக்கு அந்தப் பக்கம் பூசணிக்காய் உடைபடுகிற சத்தம்.

"தபாலு கிபாலு வேண்டாஞ்சாமி. உங்கம்மாகிட்டயும் குடுத்துராத, மறுபடியும் கோட்டுப் பையில போட்டுக்கிட்டு எங்கியாச்சும் போயிருவா. உன்ற கையில வெச்சிரு. நீ கொண்டா."